‘அம்மாவைப் பார்த்துக்க ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமா?’ - பணத்தைப் பங்கு போடும் குடும்பங்கள், நேரத்தை ஏன் பங்கு போடுவதில்லை?

திருச்சியில் இருக்கும் என் தோழிக்கு 51 வயது. அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. 78 வயது அம்மா அவருடன்தான் இருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கிறார். சர்க்கரை நோய் 20 வருடமாக இருக்கிறது. சென்னையில் அண்ணன், துபாயில் தம்பி. இருவரும் ஆளுக்கு 8,000 ரூபாய் மாதம் தவறாமல் அனுப்பிவிடுகிறார்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு 15,000 ரூபாய் சம்பளம். காலை எட்டரைக்கு வந்து மாலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவார், ஞாயிறு லீவு.

வெளியிலிருந்து பார்த்தால் பிரச்னை இல்லாத குடும்பம். யாரும் அம்மாவைக் கைவிடவில்லை, பணத்துக்குச் சண்டை இல்லை.

ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தோழி, ‘விருப்ப ஓய்வு வாங்கிக்கலாம்னு இருக்கேன்’ என்று எழுதினார். இன்னும் ஒன்பது வருட சர்வீஸ் பாக்கி. தம்பி உடனே கேட்டார்: ‘ஏன்க்கா? பகல்லதான் ஆள் வர்றாங்களே. மிச்ச நேரத்துல அம்மாவைப் பார்த்துக்க ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமா?’

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. “எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, எனக்கே பதில் தெரியலை. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நான் என்னைக்குப் பார்த்திருக்கேன்?” என்றார் தோழி.

அன்று ராத்திரியே சமையலறையில் தொங்கும் காலண்டரில், பால் கணக்கு எழுதுகிற மாதிரி, ஒரு வாரத்துக்கு நேரக் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

காலண்டர் சொன்ன கணக்கு

காலையில் எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போய், சர்க்கரை அளவு பார்த்து, இன்சுலின் போட்டு, காபி கொடுக்க 45 நிமிடம். குளிக்கவைத்து, உடை மாற்றி, தலைவாரிவிட 40 நிமிடம். உப்பு, சர்க்கரை பார்த்துத் தனியாகச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்க 60 நிமிடம். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கொடுக்க 15 நிமிடம். சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு 30 நிமிடம். துணி, படுக்கை விரிப்பு மாற்ற 20 நிமிடம். ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் கூட்டிப்போக 30 நிமிடம்.

கூட்டினால் 240 நிமிடங்கள். நான்கு மணி நேரம். தம்பி கேட்ட ‘ரெண்டு மணி நேர’த்துக்குச் சரியாக இரண்டு மடங்கு. வாரத்துக்கு 28 மணி நேரம்.

அந்த வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போக வேண்டியிருந்தது. ஆட்டோ பிடித்து, டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பி வர ஐந்து மணி நேரம். லேப், மருந்துக்கடை ஒன்றரை மணி நேரம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் தொடர்பாக வங்கியில் ஒன்றரை மணி நேரம். ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்று விசாரிக்கும் உறவினர்களின் போன் கால்களுக்கும், பிசியோவுக்கு நேரம் கேட்டு அலைந்ததற்கும் இரண்டு மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம்.

28 + 10 = 38. வாரத்துக்கு ஐந்து நாள், தினம் எட்டு மணி நேரம் இயங்கும் ஓர் அலுவலகத்தின் வேலை நேரம் 40. அதாவது, பள்ளி வேலை போக, தோழி இன்னொரு முழுநேர வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் பகலில் சம்பளத்துக்கு ஆள் வைத்த பிறகு!

காலண்டரில் எழுத முடியாத நேரம்

இந்த 38 மணி நேரம்கூடப் பாதிக் கதைதான். வாரக் கடைசியில் தோழி இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தார். ‘நான் கையால வேலை செய்யலை, ஆனா வீட்டை விட்டு நகர முடியாது’ என்கிற நேரம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பகல்நேர அக்கா இருப்பது ஆறு நாள், தினம் பத்து மணி நேரம் என 60 மணி நேரம். மீதி 108 மணி நேரமும் வீட்டில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கணவரோ, காலேஜ் படிக்கும் மகளோ ஒருசில மணி நேரம் உட்காருவார்கள். மற்றபடி அந்த ‘யாராவது ஒருவர்’ எப்போதும் இவர்தான்.

“பக்கத்துத் தெருவுல கல்யாண ரிசப்ஷன். போய்ட்டு வர ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனா அந்த ஒரு மணி நேரத்துல அம்மா தனியா எழுந்து நடந்துட்டா? நான் தூங்கும்போதுகூட ஒரு காது திறந்தேதான் இருக்கு” என்கிறார். இதற்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல வார்த்தை இருக்கிறது - காவல். வாட்ச்மேனுக்கு அந்த நேரத்துக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது ‘சும்மா இருக்கிற’ நேரம்.

ஆக, ‘பெற்றோரைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?’ என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. கையால் செய்யும் வேலை ஒன்று. வெளியில் அலையும் வேலை இரண்டு. காத்திருக்கும் நேரம் மூன்று. பல குடும்பங்களில் முதலாவது மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஒருவரை வேலையை விடும் முடிவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

அரசின் டைரியிலும் இதே கதை

மக்கள் தங்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு நாடு முழுக்கக் கணக்கெடுத்திருக்கிறது. 2019-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை. 2024 கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவிகிதம். பராமரிப்பில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 140 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 74 நிமிடங்கள். சமையல், துணி துவைப்பது போன்ற வீட்டு வேலைகள் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

அட, 140 நிமிடம்தானே என்று தோன்றலாம். இதில் குழந்தையைக் குளிப்பாட்டும் இளம் அம்மாவும் இருக்கிறார், படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்க்கும் மருமகளும் இருக்கிறார். எல்லோரையும் சேர்த்த சராசரி அது. நம் கவனத்துக்குரியது அந்த இடைவெளிதான். இந்த வேலையைச் செய்யும் ஆண்களின் விகிதம் பெண்களில் பாதி. செய்கிறவர்களும் கொடுப்பது ஏறக்குறைய பாதி நேரம்தான்.

சர்வதேச நேரக் கணக்கெடுப்பு வகைப்பாட்டில், பெரியவர்களுக்குத் துணையாகச் சும்மா உடனிருப்பதற்கும் தனியாக ஓர் இடம் உண்டு. ஆனால், அடுப்படியில் அரிசி களையும்போதே காது பக்கத்து அறையில் இருக்கிறதே, அதை டைரியின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? செய்கிறவருக்கே அது ஒரு வேலை என்று தோன்றாதபோது, கணக்கெடுக்க வருகிறவரிடம் அவர் என்ன சொல்லிவிட முடியும்?

ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைகிறது

இது ஒரு குடும்பத்தின் கதையல்ல. மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்புக் குழுவின் மதிப்பீட்டின்படி, 2021-ல் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம். 2031-ல் இது 18.2 சதவிகிதமாக உயரும். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் நம்முடையதுதான்.

இன்னொரு பக்கம், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. இப்போது 75, 80 வயதில் இருப்பவர்களுக்கு மூன்று, நான்கு பிள்ளைகள் இருப்பது சாதாரணம். ‘பெரியவன் வீட்டுல ஆறு மாசம், சின்னவ வீட்டுல ஆறு மாசம்’ என்று சுற்றவாவது ஆள் இருந்தது. இப்போது 50 வயதில் இருக்கும் நமக்கு ஒன்றோ இரண்டோதான். அவர்களும் பெங்களூரிலோ, கனடாவிலோ இருப்பார்கள். இன்று மூன்று பேர் பங்கு போடாத நேரத்தை நாளைக்கு ஒற்றைப் பிள்ளை தனியாகச் சுமக்கப்போகிறது.

இந்தப் பொறுப்பு வந்து விழும் வயதையும் கவனிக்க வேண்டும். 45-லிருந்து 55. பிள்ளைகளுக்கு ப்ளஸ் டூ, காலேஜ். அலுவலகத்தில் பதவி உயர்வு வரும் நேரம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம். நமக்கே சர்க்கரையும் பிரஷரும் எட்டிப்பார்க்கும் பருவம். ஒன்பது வருடம் முன்னதாக வேலையை விட்டால் போவது மாதச் சம்பளம் மட்டுமல்ல. பிற்காலத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தே போகிறது.

நேரம் போதாவிட்டால் யார் உடம்பில் விடியும்?

தோழி அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னேன் அல்லவா? அம்மாவுக்குக் காய்ச்சல், லேசான குழப்பம், பேச்சில் தடுமாற்றம். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. ‘தண்ணியே குடிக்கிறது இல்லையாம்மா?’ என்று டாக்டர் கேட்க, அம்மா பதில் சொல்லாமல் மகளைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னாராம்: “சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிச்சா நடுராத்திரி உன்னை எழுப்பணும். காலையில நீ ஸ்கூலுக்குப் போக வேணாமா? அதான் நாலு மணிக்கு மேல குடிக்கிறதில்ல.”

இதைச் சொல்லும்போது தோழியால் பேச்சைத் தொடர முடியவில்லை.

மகளின் நேரத்துக்கு மகள் கணக்கு வைக்கவில்லை. அம்மா வைத்திருந்தார், மாதக்கணக்கில், தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தபடி. பல வீடுகளில் பெரியவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தண்ணீரைக் குறைப்பார்கள். ‘வலி எல்லாம் ஒண்ணுமில்ல’ என்று செக்கப்பைத் தள்ளிப்போடுவார்கள். கூப்பிட வேண்டாமே என்று தனியாக எழுந்து நடந்து, மறுபடி விழுவார்கள்.

அதனால் ‘பெத்தவங்களுக்குச் செய்யறதுக்குக் கணக்கு பார்க்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும். நாம் பார்க்காவிட்டால் அவர்கள் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

முதலில், அப்பா, அம்மாவுக்கு எதில் உதவி தேவை என்று இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். முதியோர் நல மருத்துவர்களும் இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள்.

முதல் பட்டியல் அன்றாட உடல் தேவைகள்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்துவது, தானாகச் சாப்பிடுவது. இரண்டாவது பட்டியல் தனியாக வாழத் தேவையான காரியங்கள்: சமையல், கடைக்குப் போவது, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது, பணத்தைக் கையாள்வது, போன் பேசுவது, வெளியே போய் வருவது.

2017-18-ல் நடந்த தேசிய அளவிலான முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 24 சதவிகிதம் பேருக்கு முதல் வகையில் குறைந்தது ஒன்றிலாவது சிரமம் இருந்தது. இரண்டாம் வகையில் சுமார் 48 சதவிகிதம் பேருக்கு.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு சாதி. இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றைத் தள்ளிப்போடலாம், சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை செய்யலாம், துபாயில் இருந்துகொண்டும் செய்யலாம். முதல் பட்டியலில் உள்ள எதையும் தள்ளிப்போட முடியாது. பாத்ரூமுக்குப் போவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்க முடியுமா? இரண்டாவதில் மட்டும் உதவி தேவைப்படும்வரை வாரத்தில் சில மணி நேரத்தில் சமாளித்துவிடலாம். முதல் பட்டியலில் ஒன்று சேர்ந்த நாளிலிருந்து உங்கள் காலையும் ராத்திரியும் உங்களுடையது அல்ல. மறதி நோய் இருந்தாலோ, கை, கால் நன்றாக இருப்பவரைக்கூடத் தனியாக விட முடியாது. காவல் நேரம் 24 மணி நேரமாகிவிடும்.

பெரும்பாலும் இது படிப்படியாக வருவதும் இல்லை. ஒரு வழுக்கல், ஒரு பக்கவாதம் போதும். நேற்றுவரை தானே கோயிலுக்குப் போய்வந்தவருக்கு இன்று ஆள் வேண்டும். அதனால் பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

அடுத்து, ஒரே ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். காலண்டரோ, நோட்டோ, போனோ, எதில் வேண்டுமானாலும். செய்த வேலை, அலைந்த நேரம், நகர முடியாமல் இருந்த நேரம் என்று மூன்று கட்டம் போதும். சண்டைக்கு ஆதாரம் சேர்க்க அல்ல, பேச ஆரம்பிக்க.

நேரத்தைத் திருப்பித் தரும் வழிகள்

சில வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். தேவைப்படுபவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். ஓய்வூதியதாரர்களுக்கான வாழ்நாள் சான்றிதழை 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்துகொடுப்பார். முதியோருக்கான உதவி எண் 14567. இவை ஒவ்வொன்றும் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

காவல் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் வழி மிகக் குறைவு. பகலில் பெரியவர்களை விட்டுச்செல்லும் ‘அன்புச்சோலை’ மையங்கள் 25 அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. சரியான திசையில் ஒரு தொடக்கம். ஆனால், ஒரு மாநிலத்துக்கு 25 என்பது எந்த மூலைக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவத்துக்காகப் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய்வரை தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கைவிடப்பட்ட முதியவர்களுக்கு இது அவசியமான பாதுகாப்பு. ஆனால் சட்டமும் நம் குடும்பங்களைப் போலத்தான். பணத்தை மட்டும் பேசுகிறது. பார்த்துக்கொள்கிற மகளுக்கோ மகனுக்கோ நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை.

மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்புக்காகப் பணிக்காலத்தில் 730 நாள்வரை விடுப்பு உண்டு. பெற்றோரைப் பார்க்க அப்படித் தனி விடுப்பு எதுவும் இல்லை. 2025 ஜூலையில் இதுபற்றி நாடாளுமன்றத்தில் கேட்டபோது, ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றை அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அரசு. அதாவது, இருக்கிற லீவிலேயே சமாளித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அந்த அளவுக்கு லீவும் கிடையாது. நமக்கு முன்பே முதுமையைச் சந்தித்த ஜப்பானில், பராமரிப்பு தேவைப்படும் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு 93 நாள்வரை, மூன்று தவணைகளாகப் பிரித்து எடுக்கும் விடுப்புக்குச் சட்டமே இருக்கிறது. சம்பளத்தில் 67 சதவிகிதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து வந்துவிடும். நம் ஊரில் இந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

அண்ணனும் தம்பியும் என்ன செய்தார்கள்?

தோழி அந்த காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். கூடவே ஒரு வரியும் எழுதவில்லை. ஒருநாள் முழுக்க யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் தம்பி போன் செய்தார். “அக்கா, ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கியா தினமும்? எனக்குத் தெரியாதுக்கா.”

இப்போது வங்கி, ஓய்வூதியம், மருந்து ஆர்டர், லேப் ஆள் வீட்டுக்கு வர புக் செய்வது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் தம்பியின் வேலை. எல்லாமே போனில் முடிகிறது. உறவினர்களுக்குப் பதில் சொல்லும் வேலையும் அவருக்கே. அண்ணன் மாதத்தின் கடைசி வெள்ளி இரவு திருச்சி வந்து ஞாயிறு இரவு கிளம்புகிறார். முதல் மாதம் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தவருக்கு, அம்மாவைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்கி உட்காரவைப்பது என்று மகள்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது மாதம் தானாகச் செய்துவிட்டாராம். அம்மாவைக் குளிக்கவைக்க மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல்நேர அக்கா வந்துபோகிறார். அதற்குத் தனிச் சம்பளம் அண்ணன் கொடுத்துவிடுகிறார்.

வாரத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் குறைந்திருக்கிறது. மாதத்தில் இரண்டு ராத்திரி முழுத் தூக்கம். 108 மணி நேரக் காவலுக்கு முன்னால் இது சின்னதுதான். தோழியின் விருப்ப ஓய்வு விண்ணப்பம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கிழித்துப்போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. “அடுத்த தடவை அம்மா விழுந்தா என்ன ஆகும்னு தெரியாது. ஆனா இப்போ நான் ஒருத்தியா இல்ல” என்கிறார்.

அம்மா இப்போது ராத்திரி எட்டு மணிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாராம். அதையும் தோழி காலண்டரில் எழுதிவைக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் போடும்போது, ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுடன் இருப்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீ கடைசியா எப்போ முழுசா தூங்கினே?’